லெட்யூஸ் இலையில் சிக்கன் கொத்துக்கறி: மாவும் வேண்டாம், ஈரமும் வேண்டாம்

சோற்றையும் சப்பாத்தியையும் குறைத்துக்கொண்டவர்களுக்கு முதல் வாரமே வரும் கேள்வி, கறியை எதோடு சாப்பிடுவது என்பதுதான். கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிடலாம். ஆனால் கையில் சுருட்டிப் பிடித்துக் கடிக்கும்போது கிடைக்கும் திருப்தி அதில் வராது. லெட்யூஸ் இலையில் கொத்துக்கறியை வைத்து மடித்துச் சாப்பிடும் முறை அந்தக் குறையைத் தீர்த்துவிடும். தென் சீனத்தின் காண்டனீஸ் சமையலில் இது பழகிய பண்டம். அங்கே புறா இறைச்சியைப் பொடியாகக் கொத்தி வதக்கி, பச்சை இலையில் பொதிந்து சாப்பிடுவார்கள். கோழி, பன்றி இறைச்சியிலும் செய்வதுண்டு. இங்கே சொல்லப்போவது அந்த முறையைத் தழுவிய கோழிக்கறி. மாவுச்சத்து ஏறும் பொருள்களை மட்டும் எடுத்துவிட்டு, நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதை வைத்துச் செய்வது.

முதல்முறை செய்கிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். கறி தண்ணீர் விட்டு முழங்கை வரை ஒழுகுகிறது. இலை துவண்டு, கடிக்கும்போது கிழிகிறது. இரண்டுக்கும் காரணம் ஈரம். இலைக்குள் நீர் நிறைந்திருக்க வேண்டும், இலையின் மேல் ஒரு சொட்டுகூடத் தங்கக் கூடாது. கறியோ நன்றாகச் சுண்டியிருக்க வேண்டும். இந்தச் சமையலில் செய்கிற வேலை அத்தனையும் இதற்காகத்தான்.

மூன்று பேருக்கு, 12 இலைக்கு வேண்டியவை

- எலும்பும் தோலும் நீக்கிய கோழித் தொடைக்கறி – 500 கிராம்
- ஐஸ்பர்க் லெட்யூஸ் – நடுத்தர அளவில் 2
- பட்டன் காளான் – 100 கிராம்
- நூல்கோல் – தோல் சீவியது 100 கிராம்
- வெங்காயத்தாள் – 50 கிராம்
- பூண்டு, இஞ்சி – தலா 15 கிராம்
- பச்சை மிளகாய் – 2
- மிளகுத்தூள் – 1 தேக்கரண்டி
- லைட் சோயா சாஸ் – ஒன்றரை மேஜைக்கரண்டி
- வெள்ளை வினிகர் – 2 தேக்கரண்டி
- முட்டை – 1
- வெள்ளை எள் – 1 மேஜைக்கரண்டி
- கடலை எண்ணெய் அல்லது வேறு மணமில்லாத எண்ணெய் – 3 மேஜைக்கரண்டி

உப்பு இந்தப் பட்டியலில் இல்லை. ஒன்றரை மேஜைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் மூன்றரை கிராம் உப்பு இருக்கிறது. கடைசியில் ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் ஒரு சிட்டிகை போடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோயாவை ஒரு மேஜைக்கரண்டியாகக் குறைத்து, எலுமிச்சைச் சாறு கூட்டிக்கொள்ளலாம்.

தானியத்தையும் பருப்பு வகைகளையும் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் இருப்பவர்கள் சோயாவை ஒதுக்குவார்கள். அவர்கள் முக்கால் தேக்கரண்டி உப்போடு ஒரு தேக்கரண்டி மீன் சாஸ் சேர்த்தால் போதும், சுவை குறையாது. மீன் சாஸிலும் உப்பு அதிகம் என்பதால் இரண்டையும் ஒரேயடியாகக் கொட்டாமல், பாதி போட்டு ருசி பார்த்து மீதியைச் சேருங்கள்.

மாவுச்சத்து எங்கிருந்து நுழைகிறது

இலையைப் பார்த்ததும் இது மாவுச்சத்து இல்லாத உணவு என்று நினைத்துவிடுகிறோம். உணவகங்களில் கிடைக்கும் லெட்யூஸ் ராப்பில் ஹாய்சின் என்ற இனிப்பான சீனச் சாஸும் சர்க்கரையும், குழம்பைக் கெட்டியாக்கச் சோளமாவும் இருக்கும். பல இடங்களில் பொரித்த அரிசிச் சேமியாவையும் மேலே தூவித் தருவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள பட்டியல் முழுவதிலும், நார்ச்சத்தைக் கழித்தபின் இருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 23 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது நான்கு இலைகளைச் சாப்பிடுகிறவருக்கு 7 முதல் 8 கிராம். ஒரு கப் சோற்றில் 40 கிராமுக்கு மேல் இருக்கும். இப்போது இதே கறியில் இரண்டு மேஜைக்கரண்டி ஹாய்சின், ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேஜைக்கரண்டி சோளமாவு சேர்த்தால் அவை மூன்றிலிருந்து மட்டும் 33 கிராம் வந்துவிடும். மற்றதெல்லாம் சேர்ந்து கொடுப்பதைவிட இது அதிகம்.

அதனால் கடையில் பாட்டிலைத் திருப்பி, பொருள்கள் பட்டியலைப் படியுங்கள். லைட் சோயாவில் தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு என்பவை இருந்தால் சரி. டார்க் சோயாவில் நிறத்துக்கும் இனிப்புக்கும் சர்க்கரையோ கேரமலோ சேர்ப்பது வழக்கம். மிளகாய் சாஸ், ஸ்வீட் சில்லி, தக்காளி சாஸ் ஆகியவற்றில் பெரும்பாலும் சர்க்கரைதான் முன்வரிசையில் நிற்கும். காரத்துக்கு நான்கு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட நல்லது. சோயா சாஸில் கோதுமை இருப்பதால், குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் அது இல்லாத வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

சீனச் சமையலில் மொறுமொறுப்புக்காக வாட்டர் செஸ்ட்நட் என்ற கிழங்கைச் சேர்ப்பார்கள். அதில் மாவுச்சத்து கூடுதல், இங்கே எளிதில் கிடைப்பதுமில்லை. அந்த இடத்துக்கு நூல்கோல் அவ்வளவு பொருத்தம். 100 கிராமில் நார்ச்சத்து போக 3 கிராமுக்கும் குறைவாகத்தான் மாவுச்சத்து இருக்கிறது, லேசான இனிப்பும் உண்டு, சூட்டிலும் நறுக் நறுக்கென்று நிற்கும். முற்றிய நூல்கோலில் நார் ஓடியிருக்கும். அதனால் டென்னிஸ் பந்தைவிடச் சிறியதாகப் பார்த்து எடுங்கள். கிடைக்காவிட்டால் முட்டைக்கோஸின் நடுத்தண்டை, இலைகளைக் கழித்தபின் பொடியாக நறுக்கிப் போடலாம். கேரட் வேண்டாம் என்பதற்கு மாவுச்சத்து மட்டும் காரணமல்ல. கேரட்டின் இனிப்பு இந்தக் கறியில் தூக்கலாகத் தெரியும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டுதான் இந்த உணவுமுறைக்கு மாற வேண்டும்.

இலையைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகை கிடைக்கும். ஐஸ்பர்க் முட்டைக்கோஸ் மாதிரி உருண்டையாக இருக்கும். இலை மொறுமொறுப்பாகவும் கிண்ணம்போலக் குழிந்தும் வரும். சூடான கறியை அதிக நேரம் தாங்குவதும் அதுதான். பட்டர்ஹெட் மென்மையானது, அழகாக மடியும். ஆனால் சீக்கிரம் துவளும், விலையும் அதிகம். ரோமெய்ன் நீளமான இலை. அதைச் சுருட்ட முடியாது, படகுபோல வைத்துச் சாப்பிடலாம். புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஐஸ்பர்க்தான் சரி. நீலகிரியில் விளைவது பெரிய ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு வருகிறது.

வாங்கும்போது ஒரு விஷயம். சாலட்டுக்குக் கனமான, கல்லுபோல் இறுகிய உருண்டையை எடுப்போம். ராப்புக்கு அது ஆகாது. இலைகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடப்பதால் பிரிக்கும்போதே கிழிந்துவிடும். அழுத்தினால் சற்றே அமுங்கி எழும்பும் உருண்டையாகப் பாருங்கள். அடிக்காம்பு வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்க வேண்டும். காம்பைச் சுற்றி இலை நரம்புகளில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் பழையது. ஓர் உருண்டையில் கிண்ணம்போல் எடுக்க வசதியான இலைகள் ஆறு, ஏழுதான் தேறும். அதனால்தான் 12 இலைக்கு இரண்டு உருண்டைகள். நடுவில் மிஞ்சும் குருத்து மறுநாள் சாலட்டுக்கு ஆகும்.

லெட்யூஸ் கிடைக்காத ஊரில் முட்டைக்கோஸ் இலை நன்றாகவே உதவும். அடிக்காம்பைக் குடைந்து எடுத்துவிட்டு, முழு முட்டைக்கோஸையும் கொதிநீரில் இறக்கினால் வெளி இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஒவ்வோர் இலையும் வெந்நீரில் ஒரு நிமிடம் கிடந்தால் போதும், உடனே குளிர்ந்த நீரில் போட்டு எடுத்துத் துடையுங்கள். தடித்த நடுநரம்பைக் கத்தியால் படுக்கவைத்துச் சீவிவிட்டால் மடக்கும்போது வெடிக்காது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் பச்சை இலையைத் தவிர்த்து இப்படி வேகவைத்த இலையில் சாப்பிடுவதே பாதுகாப்பு.

முதலில் இலை வேலை, பிறகுதான் கோழி

இந்த வரிசையை மாற்றாதீர்கள். இலையை வேகவைக்கப் போவதில்லை. கோழியைக் கழுவிய தொட்டியிலோ, வெட்டிய பலகையிலோ இலை பட்டால் அந்தக் கிருமி நேரே வாய்க்குத்தான் போகும். இலையைக் கழுவி, துடைத்து, டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் கோழிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

ஐஸ்பர்க்கின் அடிக்காம்பு கீழே இருக்கும்படி பிடித்து, மேடையில் ஒரே ஒரு தட்டு பலமாகத் தட்டுங்கள். உள்காம்பு விட்டுக்கொடுக்கும். அதைத் திருகி உருவி எடுங்கள். அந்தக் குழிக்குள் குழாய்த் தண்ணீர் விழும்படி உருண்டையைப் பிடித்தால், தண்ணீர் உள்ளே புகுந்து இலைகளைத் தானே தளர்த்தும். மேலே உள்ள முதல் இலையைக் கழித்துவிட்டு, அடுத்தவற்றைக் காம்புப் பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாக உரியுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும்.

பிரித்த ஒவ்வோர் இலையையும் ஓடும் நீரில் இருபுறமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு, குடிக்கிற தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். இலைச் செல்கள் நீரைக் குடித்து விறைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் ஒரு நாள் கிடந்து வாடிய இலைகூட இதில் உயிர் பெறும். பலரும் உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் காய்கறிகளை ஊறவைப்போம். லெட்யூஸுக்கு இது வேண்டாம். உப்பு இலைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும், ஐஸ் நீர் செய்த வேலையை அது கெடுத்துவிடும். கிருமிகள் எல்லாம் அதில் சாவதுமில்லை. ஓடும் நீரில் ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவுவதுதான் நம்பக்கூடியது.

அடுத்தது துடைப்பது, பலரும் அவசரப்படும் இடம். சுத்தமான பருத்தித் துண்டை விரித்து, இலைகளைக் குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு இன்னொரு துண்டால் உட்புறத்தை ஒற்றி எடுங்கள். அடிநரம்பின் மடிப்பில் தண்ணீர் ஒளிந்திருக்கும், அங்கே விரலை விட்டுப் பாருங்கள். ஓரம் கோணலாக இருந்தால் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். டப்பாவில் அடியிலும் நடுவிலும் துணி விரித்து அடுக்கி மூடினால் இரண்டு நாள் வரை மொறுமொறுப்பு குறையாது. ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் இலை உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். ஆப்பிள், பழுத்த வாழை இவற்றின் பக்கத்திலும் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவால் இலையில் துருநிறப் புள்ளிகள் விழும்.

கறியைக் கொத்துவது

கடையில் தயாராகக் கொத்தி வைத்திருக்கும் கைமாவை வாங்கினால் ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் எந்த இறைச்சியையும் கழுவாமல் சமைக்க மனம் வராது. கைமாவைக் கழுவினால் அது கடற்பஞ்சுபோல நீரை உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு பிழிந்தாலும் முழுதாக வராது. அந்தத் தண்ணீரெல்லாம் சட்டியில் கக்கி, கறி வதங்காமல் அவிந்து போகும். கழுவுவதால் கிருமி போவதுமில்லை, தொட்டியிலும் மேடையிலும் தெறித்துப் பரவத்தான் செய்யும். சூடுதான் கிருமியைக் கொல்லும்.

கழுவாமல் முடியாது என்பவர்கள் முழுத் துண்டாக வாங்குங்கள். தொடைக்கறித் துண்டுகளைத் தண்ணீர் தெறிக்காமல் பாத்திரத்தில் அலசி, துணியில் அழுத்தி ஈரம் போகத் துடையுங்கள். தட்டில் பரப்பி 20 முதல் 30 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். ஓரங்கள் இறுகி, நடு இன்னும் மென்மையாக இருக்கும் பதத்தில் கத்தி வழுக்காமல் வெட்டும். முதலில் நீளவாக்கில் சன்னமாக, பிறகு குறுக்கே, மிளகைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாகக் கொத்துங்கள். மிக்ஸியில் செய்வதானால் ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போடாமல், ஒரு வினாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஒரு வினாடி என்று மூன்று, நான்கு முறை. தொடர்ந்து ஓட்டினால் கூழாகிவிடும். அந்தக் கூழ் சட்டியில் ரப்பர் உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது.

நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியைச் சொல்வதற்குக் காரணம் கொழுப்பு. குழம்பே இல்லாமல் சுண்டவைக்கப்போகிறோம் என்பதால், நெஞ்சுக்கறி மரத்தூள்போல உலர்ந்துவிடும். அதுதான் கிடைக்கிறது என்றால் எண்ணெயை ஒரு மேஜைக்கரண்டி கூட்டுங்கள்.

வேலை முடிந்ததும் பலகை, கத்தி, தொட்டி, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

அடுப்பில்

எல்லாவற்றையும் நறுக்கிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்ட பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். அடுத்த கால் மணி நேரத்தில் வெங்காயத்தாளைத் தேட நேரம் இருக்காது. நூல்கோலைக் கடலைப்பருப்பு அளவில் பொடியாக நறுக்குங்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் விழுதாக அரைக்காமல் பொடியாக நறுக்குங்கள். விழுதில் ஈரம் உண்டு, அடியிலும் பிடிக்கும். சோயா, வினிகர், மிளகுத்தூள் ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் கலந்து வையுங்கள்.

எள்ளை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். சீனச் சமையலில் கடைசியாக ஊற்றும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, கரும்பழுப்பாக, நெடியோடு இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டியது, மணமே வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் அந்த ருசி வராது. வறுத்துத் தட்டிய எள் அந்த மணத்தை ஓரளவு கொண்டுவந்துவிடும்.

கனமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, முதலில் பொடியாக நறுக்கிய காளானைப் போடுங்கள். எண்ணெயும் உப்பும் வேண்டாம். பெரிய தீயில் நான்கைந்து நிமிடம் கிளறினால் காளான் தண்ணீர் விட்டு, அது வற்றி, சட்டியில் கீச்சென்ற சத்தம் கேட்கும். அப்போது எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். காளானைக் கறியோடு சேர்த்துப் போட்டால், அது விடும் தண்ணீரில் கறி அவிந்துவிடும்.

இப்போது ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய். லேசாகப் புகையத் தொடங்கியதும் கொத்திய கறியில் பாதியை மட்டும் போட்டு, தோசை திருப்பியால் அடை மாதிரி மெல்லப் பரப்புங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் கிளறவே கூடாது. உடனே கிளறத்தான் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணம் வர 140 டிகிரி அளவில் சூடு வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால் புதிது புதிதாக ஈரம் வெளியேறி, சட்டியும் ஆறிப்போகும். 500 கிராமையும் ஒரே தடவையில் கொட்டினாலும் இதுதான் கதி.

அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப்போட்டு, திருப்பியின் ஓரத்தால் கொத்துப் பரோட்டா கொத்துவதுபோலக் கொத்தி உதிருங்கள். இன்னும் இரண்டு, மூன்று நிமிடத்தில் இளஞ்சிவப்பு எங்கும் தெரியாமல் வெந்துவிடும். சமையல் வெப்பமானி இருந்தால் கோழிக்கறி 74 டிகிரியைத் தொட வேண்டும். முழுத் துண்டில் கிருமி வெளிப்புறத்தில் இருக்கும், கொத்தியபோது அது உள்ளே வரை கலந்துவிடுகிறது. அதனால் கைமாவில் அரைவேக்காடு கூடாது. முதல் பாதியை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு மேஜைக்கரண்டி எண்ணெயில் மறுபாதியையும் இதேபோல் செய்யுங்கள்.

மீதி எண்ணெயைச் சட்டியில் விட்டு இஞ்சி, பூண்டு, மிளகாயை அரை நிமிடம் வதக்குங்கள். பூண்டு பழுப்பாகும் முன்பே கறி முழுவதையும் காளானையும் திரும்பப் போட்டு, கலந்து வைத்த சாஸை ஊற்றிப் பெரிய தீயில் பிரட்டுங்கள். சோயாவை ஆரம்பத்திலேயே ஊற்றாததற்குக் காரணம் அதிலுள்ள உப்பு. வேகாத கறியில் உப்பு பட்டால் நீர் கசியும். இரண்டு நிமிடத்தில் சாஸ் வற்றிவிடும். கரண்டியால் கறியை ஓரமாக ஒதுக்கிப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் மினுங்கலாம், தண்ணீர் ஓடி வரக் கூடாது.

சோளமாவுக்குப் பதில் முட்டை வருவது இங்கேதான். தீயைக் குறைத்து, அடித்த முட்டையைக் கறியின்மேல் பரவலாக ஊற்றிப் பத்து வினாடி விட்டு, பிறகு விடாமல் கிளறுங்கள். முட்டை பொடிமாஸ் ஆகித் தனியே நிற்காமல் கறித்துகள்களின் மேல் படிந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இலையை மடிக்கும்போது கறி பொலபொலவென்று கொட்டாமல் இருப்பது இதனால்தான். முட்டை முழுதாக வெந்ததும் நூல்கோலைச் சேர்த்து ஒரு நிமிடம் பிரட்டி அடுப்பை அணைத்துவிடுங்கள். வெங்காயத்தாளும் எள்ளும் அணைத்த பிறகு.

கறியை உடனே அகலமான தட்டில் பரப்புங்கள். மூடி போடாதீர்கள். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகத் திரும்பக் கறியிலேயே சொட்டும், இவ்வளவு நேரம் வற்றவைத்ததெல்லாம் வீண். ஐந்து முதல் ஏழு நிமிடத்தில், விரல் வைத்தால் சுடாத வெதுவெதுப்புக்கு வந்துவிடும்.

மடிப்பது

இலைக்கு 50 கிராம் கறி, அதாவது குவித்து இரண்டு மேஜைக்கரண்டி. ஆசைப்பட்டு நிறைய வைத்தால் மடிக்க வராது. காம்புப் பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். கறியை நடுவில் நீளவாக்கில் வைத்து, காம்புப் பக்கத்தை மேலே மடித்து, இரு ஓரங்களையும் உள்ளே கொண்டுவாருங்கள். கீழே மூடியிருப்பதால் சாறு இருந்தாலும் ஒழுகாது. இலை மெல்லியதாக இருந்தால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம்.

எல்லாவற்றையும் மடித்துத் தட்டில் அடுக்கி வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் அடி இலை துவண்டுவிடும். இலை ஒரு தட்டிலும் கறி ஒரு கிண்ணத்திலுமாக நடுவில் வைத்து, அவரவர் மடித்துச் சாப்பிடுவதே முறை. வேலைக்கு எடுத்துப்போகிறவர்களும் இரண்டு டப்பாக்களில் தனித்தனியாக எடுத்துப்போங்கள். தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய பச்சை மிளகாயோ, எலுமிச்சை பிழிந்த புதினாச் சட்னியோ போதும். சட்னியில் பொட்டுக்கடலை வேண்டாம், தேங்காய் போடலாம்.

ஏதாவது தவறினால்

கறி தண்ணீர் விட்டுவிட்டது: தீயைக் கூட்டி, கறியை ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் சேரும் நீரை வற்றவிடுங்கள். அதிகமாக இருந்தால் வடிகட்டி நீரைத் தனியே சுண்டவைத்துத் திரும்ப ஊற்றலாம். சுவை போகாது, ஆனால் அந்தச் சிவந்த மணம் வராது.

கறி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டது: மிக்ஸியில் அதிகம் அரைபட்டது. சட்டியிலிருந்து எடுத்து ஆறியதும் கத்தியால் கொத்தி, திரும்ப வதக்குங்கள்.

உப்பு கூடிவிட்டது: தண்ணீர் ஊற்றாதீர்கள். நூல்கோலையோ முட்டைக்கோஸ் தண்டையோ இன்னும் 100 கிராம் சேருங்கள். இலையிலும் உப்பு இல்லை என்பதால், தனியே ருசி பார்க்கும்போது சற்றுத் தூக்கலாகத் தெரியும் உப்பு, இலையோடு சேரும்போது சரியாக இருக்கும்.

சப்பென்று இருக்கிறது: பெரும்பாலும் குறைவது புளிப்புதான், உப்பல்ல. அரை தேக்கரண்டி வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பாருங்கள்.

ஆட்டுக்கறியில் செய்வதானால்

மட்டன் கொத்துக்கறி கோழிபோல ஐந்து நிமிடத்தில் வேகாது. கொஞ்சம் இஞ்சி பூண்டோடும் கால் டம்ளர் தண்ணீரோடும் குக்கரில் மூன்று விசில் விட்டு, பிறகு திறந்து சட்டியில் நீர் முழுவதும் வற்றும்வரை வதக்க வேண்டும். இதற்குச் சோயாவைவிட நம் மிளகும் சோம்பும் கறிவேப்பிலையும் பொருந்தும், நல்லெண்ணெயும் இங்கே சரியாக வரும். உப்பு ஒரு தேக்கரண்டி.

கவனிக்க வேண்டியது கொழுப்பு. ஆட்டுக்கொழுப்பு சீக்கிரம் உறையும். குளிர்ந்த இலையில் பட்டதும் வெள்ளையாகப் படிந்து, நாக்கிலும் மேலண்ணத்திலும் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். தொடைப் பகுதியில் கொழுப்பு நீக்கிக் கொத்தித் தரச் சொல்லுங்கள். இலையைப் பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். கறி கோழியைவிடச் சூடாக இருக்கட்டும், எலுமிச்சையும் தாராளமாகப் பிழியுங்கள்.

மிஞ்சிய கறி

சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கோடையில் சமையலறை 32 டிகிரியைத் தாண்டும்போது ஒரு மணி நேரம்தான் கணக்கு. அகலமான டப்பாவில் மெல்லப் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். மூன்று நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது மைக்ரோவேவைவிட வெறும் இரும்புச் சட்டி நல்லது, சேர்ந்திருக்கும் ஈரம் அதில் பறந்துவிடும். ஆவி பறக்கச் சூடாக்கி, மறுபடி ஆறவிட்டு இலையில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்க எண்ணினால் நூல்கோலும் வெங்காயத்தாளும் சேர்க்கும் முன்பே ஒரு பங்கை எடுத்துவைத்துவிடுங்கள். உறைந்து உருகிய நூல்கோல் சொதசொதவென்று ஆகித் தண்ணீர் விடும்.